சம்பளத்தில் பிடித்தால் தானமா? ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தொழிற்சாலைகளில் ஊழியர் சேவைத் திட்டம் தொடங்க முழுமையான வழிகாட்டி

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த அடுத்த மாதம். ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பி ஷிப்ட் டீ பிரேக். அசெம்பிளி லைனில் இருந்த பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி சம்பள ஸ்லிப்பை மடிப்புப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். ஒரு வரியின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்திருந்தாள்.

"அண்ணா, இந்த 310 ரூபா எதுக்குப் பிடிச்சிருக்காங்க?"

வெள்ள நிவாரணம், எல்லோருக்கும் ஒரு நாள் சம்பளம் என்றேன்.

"யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள். ஸ்லிப்பைத் திரும்ப மடித்துக்கொண்டே சொன்னாள்: "கேட்டிருந்தா ஐந்நூறாவே குடுத்திருப்பேன். எங்க சித்தி வூடு கடலூருதான்."

அந்தப் பிடித்தப் பட்டியலைத் தயார் செய்தவன் நான். மேலிடம் சொன்னது, செய்தேன். கொடுக்க மனதிருந்த ஒருத்தியிடமிருந்து கொடுக்கும் வாய்ப்பையே பிடுங்கிவிட்டோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு ஓசூர், சூளகிரி, பர்கூர், தர்மபுரி என்று பல இடங்களில் ஊழியர் சேவைக் குழுக்களோடு வேலை செய்திருக்கிறேன். ஹெச்.ஆர். மேஜையில் இருப்பவர்களுக்காகவும், லைனில் நின்றபடி 'நம்ம கம்பெனியில இப்படி ஒண்ணு ஆரம்பிக்கலாமே' என்று நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

படி 1: ஏற்கெனவே நடக்கும் கொடையைக் கண்டுபிடியுங்கள்

நம் பக்கத்து ஆட்களுக்குக் கொடுக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. லைனில் ஒருவரின் அப்பா இறந்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு நோட்டு சுற்றி வரும். பெயர், தொகை, கையெழுத்து. தொப்பூர் கணவாயிலோ சூளகிரி மேம்பாலத்துப் பக்கத்திலோ பைக் விபத்து என்றால் ரத்தம் கொடுக்க நான்கு பேர் கம்பெனி பஸ்ஸைவிட முன்னால் போய் நிற்பார்கள். ஊரில் பள்ளிக்கூடத்துச் சுவர், மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம், சபரிமலை அன்னதானம் என்று ஒவ்வொருவரும் வருஷத்தில் ஏதோ ஒன்றுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதெல்லாம் கம்பெனியின் எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

எனவே முதல் மாதம் எந்தத் திட்டமும் அறிவிக்காதீர்கள். கேன்டீனில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக யாருக்கு, எதற்குக் கொடுத்தீர்கள்? கொடுத்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? நேரம் கொடுக்க நினைத்து முடியாமல் போனது எப்போது? ஒரு ஷிப்டுக்கு இருபது பேர் என்றாலும் போதும். படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னால் எல்லோரும் 'நன்று' என்று டிக் அடித்துவிட்டுப் போவார்கள். பேச்சில்தான் விஷயம் வரும்.

கேட்டதில் இரண்டு வகை பிரியும். ஒன்று, கூட வேலை செய்கிறவருக்கு உதவுவது. இன்னொன்று, வெளியே ஊருக்கு உதவுவது. இரண்டையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். கூடப் பணிபுரிபவரின் குடும்பத்துக்கான வசூலை ஊழியர்களே நடத்தட்டும். யூனியன் இருந்தால் யூனியன், இல்லாவிட்டால் லைன் ஆட்கள். கம்பெனி அதில் மூக்கை நுழைக்காமல், தன் பங்காக ஒரு தொகை சேர்க்கலாம். நீங்கள் தொடங்கப்போகும் திட்டம் இரண்டாவது வகைக்கு. ஆனால் முதல் வகையை மதிக்காத கம்பெனியில் இரண்டாவது வகைக்கு யாரும் வரமாட்டார்கள். லைனில் ஒருவர் செத்தபோது மாலை வாங்கக்கூட ஆள் அனுப்பாத நிர்வாகம், ஏரியைச் சுத்தம் செய்ய வா என்று கூப்பிட்டால் எப்படி வருவார்கள்?

படி 2: கம்பெனியின் கடமையும் ஊழியரின் விருப்பமும் வேறு வேறு

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. சிப்காட்டில் பெரிய தொழிற்சாலை வைத்திருப்பவர்களிடம் 'அஞ்செட்டிக்கு என்ன செய்தீர்கள்' என்று கேட்க அது ஒரு பிடி.

இங்கே மூன்று விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்த பணம் கம்பெனியின் 2 சதவீதத்தில் சேராது. ஊழியர்கள் சேவை செய்த மணிநேரத்துக்குச் சம்பளக் கணக்குப் போட்டு அதையும் சமூகப் பணிச் செலவாகக் காட்ட முடியாது. சொந்த ஊழியருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படும் வேலையும் அதில் வராது. இதை முதல் கூட்டத்திலேயே நிர்வாகம் வாயால் சொல்லிவிட வேண்டும். 'நம்ம காச வாங்கி கம்பெனி பேர் வாங்குது' என்ற பேச்சு எல்லா லைனிலும் உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட.

கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் சின்ன யூனிட்டுகளுக்கு இந்தச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் ஐம்பது பேர் வேலை செய்யும் யூனிட்டில் முதலாளியும் ஒரே டீக்கடையில் நிற்கிறார். திட்டம் அங்கே இன்னும் சுலபமாக நிற்கும்.

படி 3: குழுவில் யார்?

ஏழு அல்லது ஒன்பது பேர் போதும். பாதிக்குக் குறையாமல் லைன் ஆட்கள் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களில் ஒருவர், நைட் ஷிப்டில் அதிகம் இருப்பவர் ஒருவர் கட்டாயம். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர். யூனியன் இருந்தால் அதன் பிரதிநிதி. ஹெச்.ஆர். ஒருவர் இருக்கட்டும், தலைவராக வேண்டாம்.

ஓசூரைச் சுற்றி இருக்கும் குழுவுக்கு இன்னொரு தேவையும் உண்டு. தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி பக்கத்தில் பல ஊர்களில் வீட்டுப் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். அந்த மொழிவழிப் பள்ளிகளும் இருக்கின்றன. மூன்று மொழியும் பேசுகிற ஒருவர் குழுவில் இருந்தால் ஊரில் பாதி வேலை தானாக நடக்கும்.

படி 4: நேரத்தை முதலில் வாங்குங்கள்

பெரும்பாலான திட்டங்கள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். அறிவிப்புப் பலகையில் 'சனிக்கிழமை காலை 10 மணி, அனைவரும் வருக' என்று ஒட்டுவார்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஏ ஷிப்ட் லைனில் நிற்கும். நைட் ஷிப்ட் தூங்கும். பி ஷிப்ட் ஆட்கள் காரிமங்கலத்திலிருந்தோ காவேரிப்பட்டணத்திலிருந்தோ மதியம் பஸ் பிடிக்க வேண்டும். வருவது அலுவலக ஆட்கள் மட்டும். வருஷக் கடைசியில் 'தொழிலாளர்களுக்கு ஆர்வம் இல்லை' என்று எழுதுவார்கள். ஆர்வத்தைக் குறை சொல்லுமுன் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

நிர்வாகத்திடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது இவ்வளவுதான்: ஆளுக்கு வருஷத்தில் இரண்டு நாள், அல்லது 16 மணிநேரம், சம்பளத்தோடு. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் என்று கோடு போடாமல் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ட்ரெய்னிக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பார்கள். அந்த இரண்டு நாள் கூலியைக் கம்பெனி தன் பில்லில் ஏற்றுக்கொண்டால் ஒப்புக்கொள்வார்.

சூப்பர்வைசருக்கு இதில் என்ன சிக்கல் என்பதையும் பார்க்க வேண்டும். லைனில் ஒரு ஆள் குறைந்தால் அன்றைய டார்கெட் அவர் தலையில் விழும். எனவே ரிலீவர் (மாற்று ஆள்) இல்லாமல் யாரையும் கூப்பிடாதீர்கள். ஒரு லைனுக்கு ஒரு நாளைக்கு ஒருவர் என்று வைத்தால் தாங்கும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முன்னால் வண்டிக்கு டிமாண்ட் ஏறி ஓ.டி. ஓடும் வாரங்களில் எதையும் வைக்காதீர்கள். அக்டோபர் 2 முதல் 8 வரை நாடு முழுக்க 'தான் உத்சவ்' (தானத் திருவிழா) என்று கொடை வாரம் கொண்டாடுகிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து அந்த வாரத்தில் ஏதாவது நடத்தச் சொல்லி மெயில் வரும். நம் ஊர் ஷிப்டைச் சொல்லித் தேதியை மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை.

வார ஓய்வு நாளில் கட்டாயப்படுத்திக் கூப்பிடுவது கூடவே கூடாது. அந்த ஒரு நாளில்தான் துணி துவைப்பது, பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் போவது எல்லாம். தாமாக முன்வந்தவருக்கும் சி-ஆஃப் (பதிலுக்கு வேறொரு நாள் விடுப்பு) கொடுங்கள்.

கடைசியாக ஒரு காகிதம். சேவைக்குப் போகும் நாளில் 'பணியின் பகுதியாகச் செல்கிறார்' என்று பெயர், தேதி, இடம் போட்டு எழுத்தில் உத்தரவு வேண்டும். ஈ.எஸ்.ஐ. காயத்துக்கான பலன் வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்த காயத்துக்குத்தான். ஏரிக்கரையில் கால் முறிந்தால் அது வேலையா இல்லையா என்ற வழக்காடல் பிறகு வரக் கூடாது. குழு விபத்துக் காப்பீடு ஒன்றும் எடுத்துவிடுங்கள். தனித்தனியாக எடுப்பதைவிட அது மலிவு.

படி 5: எந்த வேலை?

'ஒரு நாள் கூத்து' வேலைகளை நான் பரிந்துரைப்பதில்லை. அனாதை இல்லத்துக்குப் போய்ப் பிரியாணி கொடுத்துப் படம் எடுத்து வருவது அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வாரத்தில் நான்கு கம்பெனி வந்து நான்கு முறை கை தட்டச் சொன்ன இல்லங்களை நான் பார்த்திருக்கிறேன். நம் பகுதிக்குப் பொருந்துகிற, நான் கண்ணால் பார்த்து நம்புகிற மூன்று வேலைகளைச் சொல்கிறேன்.

முதலில், எட்டாம் வகுப்பு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். பெற்றோர் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருஷத்தில் 48,000 ரூபாய். தமிழகத்துக்கு 6,695 இடம். மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி. தேர்வு சமீப ஆண்டுகளில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வருகிறது. 'எட்டாவது போதும், கட்டிக்குடுத்துடலாம்' என்று வீட்டில் பேசத் தொடங்கும் வயதில், மாதம் ஆயிரம் ரூபாய் பெண்ணின் பெயரில் வருகிறது என்றால் அந்தப் பேச்சு தள்ளிப்போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மலையோரத்து ஊர்களில் இதன் அருமை தெரியும்.

இதற்குப் பட்டதாரி ஆசிரியர் தேவையில்லை. ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர் ஒருவர் கெலமங்கலம் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை விகிதம் நடத்தியதை நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பையிலிருந்து இரண்டு பழைய பல்சக்கரங்களை எடுத்து மேஜையில் வைத்தார். கிரீஸ் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஒரு பையனைக் கூப்பிட்டுப் பல் எண்ணச் சொன்னார். பெரியதில் 40, சிறியதில் 20. இரண்டையும் கோத்துப் பிடித்துப் பெரியதை ஒரு சுற்றுச் சுற்றினார். சின்னது எத்தனை சுற்று? வகுப்பு முழுக்க வாய்க்குள் எண்ணியது. "ரெண்டு சார்!" அதன் பிறகு கரும்பலகையில் 40:20 என்று எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்கு விகிதம் மறக்காது. அந்த ஃபிட்டரும் அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே போனார்.

நடத்தும் முறை: ஜூலையிலேயே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் சொல்லுங்கள், பெற்றோர்கள் அதில்தான் இருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கு ஆறு பேர் கொண்ட அணி, ஷிப்ட் சுழற்சிப்படி வாரம் இருவர். ஒரே ஆள் எல்லா வாரமும் போக முடியாது, ஆனால் ஒரு வாரமும் வகுப்பு விடுபடக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகளின் கைபேசி எண் வாங்குவது, தனியாகச் செய்தி அனுப்புவது கூடாது. ஆபத்தில் இருக்கும் பிள்ளை, சிறுவயதுத் திருமணப் பேச்சு பற்றித் தெரியவந்தால் நீங்களே பஞ்சாயத்துப் பேசப் போகாமல் 1098-க்குச் சொல்லுங்கள். அஞ்செட்டி, தளி, ஜவளகிரி பக்கம் போகிற அணி நான்கு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் யானை இறங்கும் வழி அது.

இரண்டாவது, ரத்தம். எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை பெரிய முகாம் வைக்கிறார்கள். ஒரே நாளில் இருநூறு யூனிட். ஆனால் சிவப்பணு 35 முதல் 42 நாள் வரைதான் தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) ஐந்து நாள். மழைக்காலத்தில் டெங்கு வரும்போது தட்டணுவுக்கு அலைவார்கள், உங்கள் முகாம் உலக ரத்ததான நாளான ஜூன் 14-லேயே முடிந்திருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ரத்த வங்கியிலேயே கேளுங்கள்: எந்த மாதம் பஞ்சம், எத்தனை யூனிட் வேண்டும்? அதற்கேற்ப இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முப்பது நாற்பது பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூடவே வகை வாரியாக ஒரு பட்டியல் வைத்து, அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கிறவருக்கு வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. தொழிற்சாலைக்கு முக்கியமானது இது: நைட் ஷிப்ட் முடித்துச் சரியாகத் தூங்காதவர் ரத்தம் கொடுக்கக் கூடாது. கடின வேலை செய்பவர், தொலைதூரம் வண்டி ஓட்டுபவர் அடுத்த ஷிப்டுக்கு முன் 24 மணிநேரம் இருக்கும்படி கொடுக்க வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு நேரே பிரஸ் மெஷினில் போய் நின்ற ஒருவர் மயங்கியதைப் பார்த்தவன் நான். நல்ல வேளை, பின்பக்கமாக விழுந்தார். அன்றிலிருந்து, ரத்தம் கொடுத்தவருக்கு அன்றைக்கு விடுப்பு என்று எழுதி வாங்காமல் முகாமுக்குத் தேதி வைப்பதில்லை. ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படும் பெண்களின் பட்டியலைக் கம்பெனி டாக்டரிடம், அவர்கள் சம்மதத்தோடு, கொடுங்கள். திருப்பி அனுப்புவதோடு விட்டால் அது அவர்களுக்கு அவமானமாக மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது, ஏரியும் மரமும். ஒரு மார்ச் மாதம் ஐந்நூறு கன்று நட்டோம். நிதியாண்டு முடிவதற்குள் செலவைக் காட்ட வேண்டும் என்ற அவசரம். ஜூனில் போய்ப் பார்த்தால் ஐந்நூறு குச்சி. நம் பக்கம் நல்ல மழை செப்டம்பர், அக்டோபரில்தான். ஆடியில் குழி எடுத்து வைத்து, முதல் மழை இறங்கியதும் புங்கன், வேம்பு, நாவல், புளி என்று நடுங்கள். ஐம்பது நட்டாலும் போதும், இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஊரில் ஒருவருக்குக் கூலி ஒதுக்கிவிட்டு நடுங்கள். ஏரியைத் தொடுவதற்கு முன் அது யாருடையது என்று பாருங்கள்: ஆயக்கட்டு (அந்த ஏரியால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி இல்லாமல் ஜே.சி.பி. இறக்கினால் மண் திருட்டு என்று புகார் வரும். சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை அகற்றுவதற்கு ஆட்களின் கை போதும். மதகு, கரை பக்கம் இன்ஜினியர் சொல்லாமல் போகாதீர்கள்.

இவை தவிர, எலக்ட்ரீஷியன்கள் பள்ளி ஒயரிங்கைச் சரிபார்ப்பது, கணக்குப் பிரிவினர் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லித்தருவது என்று கைத்தொழிலை ஒட்டி நிறைய இருக்கிறது. ஆளுக்கு என்ன தெரியும் என்று கேட்டாலே வேலை கிடைக்கும்.

படி 6: பணம்

சம்பளத்திலிருந்து பிடிப்பதாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். எதற்கு, எவ்வளவு, எத்தனை மாதம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது தமிழில் அதில் இருக்க வேண்டும். சேர்க்கைப் படிவங்களோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகாது. 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் தொட்டு இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பு வரை, கூலியில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் உண்டு. அதற்கு வெளியே இருப்பதைப் பிடிக்க முடியாது. தொழிலாளர் சட்டம் பார்ப்பவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். லைன் ஆட்களுக்கு நான் சொல்லும் எளிய வழி, சம்பளத்தைத் தொடாமல் யு.பி.ஐ. ஆட்டோபே. மாதம் 20 ரூபாயோ 50 ரூபாயோ அவரவர் கைபேசியிலிருந்து நேராக அறக்கட்டளைக் கணக்குக்கே போகும். நிறுத்துவதும் அவர் விரலில் இருக்கிறது.

தொகையைத் தகுதி வாரியாக நிர்ணயிக்காதீர்கள். 'சூப்பர்வைசர் 500, ஆபரேட்டர் 200' என்று எழுதிய நிமிஷம் அது வரி. கொடுத்தவர் பட்டியலை ஒட்டுவதும் வேண்டாம். ஒட்டினால் கொடுக்காதவர் பட்டியலையும் ஒட்டியது போலத்தான்.

வரிச் சலுகை பற்றிச் சுருக்கமாக. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எல்லோருக்கும் பழகிய எண்களையே சொல்கிறேன். 80ஜி பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாகத் தொகையில் 50 சதவீதம், வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள் கழியும். முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமர் நிவாரண நிதிக்கு 100 சதவீதம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழியாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு இந்தச் சலுகையே இல்லை. லைனில் பெரும்பாலானோருக்கு வரியே வராது; அவர்களிடம் 'டாக்ஸ் மிச்சம்' என்று சொல்லிக் கேட்பது பொய். வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கம்பெனி மொத்தமாக ஒரே காசோலை கொடுத்தால், கூடவே ஒவ்வொருவரின் பெயர், பான் எண், தொகை கொண்ட பட்டியலும் போக வேண்டும். அதை வைத்துத்தான் அறக்கட்டளை மே 31-க்குள் 10பிடி என்ற நன்கொடை அறிக்கையைத் தாக்கல் செய்து, ஆளுக்கொரு 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் தரும். பட்டியல் போகாததால் ஜூலையில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வெறுங்கையோடு நின்றவர்கள் பலர்.

யாரிடம் கொடுப்பது? 12ஏ (அறக்கட்டளையின் வரிவிலக்குப் பதிவு), 80ஜி பதிவு, பான், கடந்த மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை கேளுங்கள். கம்பெனியின் சமூகப் பணி (சி.எஸ்.ஆர்.) நிதியும் சேர்வதாக இருந்தால், அதைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண்ணும் வேண்டும். காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும், குழுவில் இருவர் சொல்லாமல் ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இருக்கிறது. பள்ளியையும் தேவையையும் நீங்களே தேர்ந்து கொடுக்கலாம். ஊழியர்கள் தாங்கள் படித்த பள்ளியைத் தேடுவார்கள்; ஊத்தங்கரைக்காரர் ஊத்தங்கரைக்கும், பென்னாகரத்துக்காரர் பென்னாகரத்துக்கும். தேடட்டும். அந்தப் பாசத்தை விடப் பெரிய விளம்பரம் எதுவும் இல்லை.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 300 பேர் மாதம் 50 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,80,000. கம்பெனி அதே அளவு சேர்த்தால் 3,60,000. ஊரகத்தில் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, மீதியை அரசு போடும். அதாவது அந்த 3,60,000-ஐ மக்கள் பங்காகக் கட்டினால் 10,80,000 ரூபாய் மதிப்பில் ஒரு வகுப்பறைப் பணிக்கோ சுற்றுச்சுவருக்கோ விண்ணப்பிக்க முடியும். நிதி ஒதுக்கீடு, மாவட்ட நிர்வாக அனுமதி எல்லாம் வேண்டும், தாமதம் ஆகும். ஆனாலும் 50 ரூபாய் கொடுத்தவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

படி 7: படமும் பேனரும்

தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில் இந்த ஊரை ஆண்ட அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை தர்மபுரியில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. அதில் நான் பிடித்துக்கொள்வது ஒரு சின்ன விஷயம்: கனியின் பலனைச் சொல்லாமலே கொடுத்தான்.

கம்பெனிக்குப் படம் வேண்டும் என்பது புரிகிறது, ரிப்போர்ட் எழுத வேண்டும். அப்படியானால் வேலை செய்கிறவர் கையை எடுங்கள், நட்ட கன்றை எடுங்கள். நோட்டு வாங்கும் பிள்ளையின் முகத்தை எடுக்காதீர்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டமே தடுக்கிறது. ஃபிளெக்ஸ் பேனர் செலவை அப்படியே சேர்த்தால் ஒரு வகுப்புக்கு எழுதுபொருள் வரும்.

படி 8: எண்ணுவதும் கணக்கு ஒட்டுவதும்

'மொத்தம் இத்தனை பேர் பங்கேற்றார்கள்' என்ற ஒற்றை எண்ணால் பிரயோஜனம் இல்லை. இரண்டாவது முறை தானாக வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர், பெண்கள், நைட் ஷிப்ட் ஆட்கள் எத்தனை பேர் என்று பிரித்து எண்ணுங்கள். ஆட்டோபே நிறுத்தியவர்களையும் எண்ணுங்கள், ஏன் என்று விசாரிக்காமல். பள்ளிப் பக்கம் எத்தனை பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள். நட்டதில் உயிரோடு இருப்பது எத்தனை. இவ்வளவுதான். சேவை மணிநேரத்தைச் சம்பள உயர்வு மதிப்பெண்ணில் சேர்க்கச் சொல்லி யோசனை வரும், ஒப்புக்கொள்ளாதீர்கள். சேர்த்த மறுநாள் முதல் வருகிறவர்கள் மார்க்குக்காக வருவார்கள்.

வரவு செலவுத் தாளை மாதம் ஒருமுறை கேன்டீனில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஹெச்.ஆர். அறை வாசலில் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு குழுவில் இப்படி ஒட்டிய முதல் மாதம், 'டீ செலவு 640' என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ நீலப் பேனாவில் 'எத்தனை பேருக்கு?' என்று கேட்டிருந்தார்கள். குழுவில் ஒருவருக்குக் கோபம், தாளைக் கிழித்துவிடலாம் என்றார். கிழிக்கவில்லை. அதன் கீழேயே '32 பேர், ஆளுக்கு 20 ரூபாய், டீயும் பன்னும்' என்று எழுதி வைத்தோம். அடுத்த மாதத் தாளில் அந்த நீலப் பேனா மறுபடி வந்தது: 'பன் வேண்டாம், அந்தக் காசுல ஜாமெட்ரி பாக்ஸ் வாங்குங்க.'